ஜன்னலைத் திறந்தால் இடம் வரும்

மார்ச் 2, ஞாயிறு

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், சின்னவன், சின்ன மருமகள், மகள், மாப்பிள்ளை, க்ளப் மார்க்கர். வராதவன் பெரியவன். நாளைக்கு யாரும் “நான் அங்கே இல்லவே இல்லை” என்று கையை விரிக்கக் கூடாது என்றுதான் எழுதி வைக்கிறேன். படித்தது ஐந்தாவது. ஞாபகம் அதற்கு மேல்.

விஷயம் இதுதான். இவர், போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரர், மேனேஜராக இருந்த பில்லியர்ட்ஸ் க்ளப்பை மூடுகிறார்கள். அங்கே பந்து அடுக்குகிற மார்க்கரிடம் முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார். மூலை மேசையில்தான் இவர் பிள்ளைகள் இருவருக்கும் ஆட்டம் பழக்கினார், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும், வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் உடைத்துவிடுவோம் என்று.

“வேணும்” என்றேன்.

சின்னவன் சிரித்தான். “எங்க வைக்கிறதும்மா? உன் தலையிலயா?”

“என் கட்டில் இருக்கிற இடத்துல.”

“நீ எங்க படுப்ப?”

“மேசை மேல பலகை போட்டுப் படுப்பேன். உனக்கென்ன?”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா பயந்தாளா தெரியவில்லை.

எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெரியவன் இந்த வாசலை மிதித்து மூன்று வருஷம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்தைத் தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனவன். அந்த மேசை இருக்கிற இடத்துக்கு அவன் கால் வராமல் இருக்காது. பெற்றவளுக்குத் தெரியாதா?

மார்ச் 3

மாப்பிள்ளை க்ளப்புக்குப் போய் மேசையை அளந்து வந்தார். கூடத்தில் இடம் தாராளமாக இருக்கிறதாம். போன தடவை “கார்ல இடம் தாராளம் அத்தை” என்று சொல்லி, மடியில் கேஸ் அடுப்போடு என்னை உட்காரவைத்தவர் இவர். நான் மறக்கவில்லை.

மார்ச் 4

தூக்கம் வராததால் இதையும் எழுதிவிடுகிறேன். அண்ணன் தம்பி சண்டை எல்லாம் பந்து அடிக்கிற ஒரு கோலுக்காக.

இவருடைய கோல் நடுவில் திருகிப் பூட்டுகிற மாதிரி, இரண்டு துண்டு. இவர் போன பிறகு “அப்பா எனக்குத்தான் தர்றேன்னார்” என்றான் பெரியவன். “இல்ல, எனக்கு” என்றான் சின்னவன். இழுத்த இழுப்பில் ஆளுக்கொரு துண்டு. நுனி அவனிடம், பிடி இவனிடம். நுனியை வைத்துக்கொண்டு அவன் முதுகு சொறிகிறானா, பிடியை வைத்துக்கொண்டு இவன் கொசு அடிக்கிறானா, யார் கண்டது?

இரண்டு பேருக்கும் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் காலையில் பெரியவன் தலையைத் தடவி, “கோல் உனக்குத்தான்டா.” சாயங்காலம் சின்னவன் கையைப் பிடித்து, அதே வார்த்தை, அதே குரல். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத வாய். சண்டை வந்த அன்றைக்கே இருவரிடமும் சொன்னேன். “அப்பா பொய் சொல்வாரா? நீ அவனுக்குப் பரிஞ்சு பேசுற” என்று இருவரும் என் மேல் பாய்ந்தார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

அப்பா சாமி. அம்மா புளுகி. சரிதான்.

மார்ச் 5

மகள் போனில் சொன்னாள்: “உடம்பு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. அண்ணன் பறந்து வருவான்.”

மாட்டேன். இந்தக் குடும்பத்துக்குச் சொன்ன பொய் போதும். மேசையை வைத்துத்தான் கூப்பிடுவேன்.

மார்ச் 6

வந்துவிட்டது. காலும் சட்டமும் சுலபமாக நுழைந்தன. துணிக்கு அடியில் இருக்கிற கல் பலகையை நாலு பேர் பக்கவாட்டில் நிமிர்த்தி, நிலைப்படியில் மூச்சு வாங்கி, ஒரு வழியாகக் கொண்டுவந்தார்கள். பூட்டிப் பார்த்தால் மேசை அலமாரிக் கதவை முட்டிக்கொண்டு நிற்கிறது. விசாரித்தேன். மாப்பிள்ளை அளந்தது பச்சைத் துணியை மட்டும்! சுற்றியிருக்கிற மரச்சட்டம் கணக்கிலேயே இல்லை. தொப்புளை அளந்து சட்டை தைத்த கதை.

“உள்ளதானே அத்தை ஆடறாங்க?” என்கிறார். அப்பாவி முகம் வேறு.

அலமாரியை மருமகள் அறைக்குத் தள்ளச் சொன்னேன்.

“அத்தை, அப்புறம் நாங்க ரூம்ல நிக்கவே முடியாது.”

“படுங்க. நிக்கிறதுக்கு அங்க என்ன வேலை?”

ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு அவளே வந்து அலமாரியின் ஒரு பக்கம் பிடித்தாள். இவளை நான் குறைவாக எடை போட்டிருக்கிறேன்.

மார்ச் 7

இன்றைய வில்லங்கம்: மேசை நுழைந்தது, கோலுக்கு இடமில்லை. பந்தை அடிக்க வேண்டுமானால் கோலைப் பின்னால் இழுக்க வேண்டாமா? இழுத்தால் சுவர். நான்கு பேர் மண்டையில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை, என்னையும் சேர்த்து.

சின்னவன் க்ளப் கோலை வைத்து இழுத்துப் பார்த்தான். உள்சுவர்ப் பக்கம் அதன் அடி நேராக இவர் படத்தில் போய் இடித்தது. கண்ணாடி ‘டொக்’ என்றது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“கழட்டு” என்றேன்.

“அப்பா படம்மா.”

“தெரியுது. கழட்டு.”

ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாயிற்று. படச்சட்டத்தின் தடிமன் அளவுக்கு இடம் கிடைத்தது. சுவரில் இடிக்காமல் அடிக்கலாம்.

வாசலை ஒட்டிய ஜன்னல் பக்கம் அதுவும் போதவில்லை. ஜன்னலைத் திறந்தேன். கோலின் அடி தெருவுக்குப் போய் வந்தது. ஆனால் கதவு காற்றில் திரும்பத் திரும்ப அடித்துக்கொள்கிறது, கொக்கியும் இல்லை. ஒருத்தர் பிடித்துக்கொண்டால்தான் ஒருத்தர் ஆட முடியும்.

இருக்கட்டும்.

மார்ச் 8

பெரியவனுக்கு மார்க்கரிடம் சொல்லி அனுப்பினேன். “மேசை வீட்டில் இருக்கிறது. வா. தம்பியும் இருப்பான்.” இவ்வளவுதான். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மார்ச் 9

வரவில்லை.

மார்ச் 12

வரவில்லை. பலகைமேல் படுத்தால் முதுகுக்கு நல்லது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்லதாம், மண்ணாங்கட்டி. ஸ்டூல் போட்டு ஏறுவதற்குள் உயிர் போகிறது.

“எடுத்துடலாம்மா, கட்டிலைத் திரும்பப் போட்டுடறேன்” என்றான் சின்னவன்.

“எடுத்துப் பாரு.”

பிடிவாதமா எனக்கு? ஆமாம். வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்னிடம்?

மார்ச் 16, ஞாயிறு

கூடத்தில் இருந்தவர்கள்: நான், சின்னவன், சின்ன மருமகள், மார்க்கர். பிறகு பெரியவன்.

மார்க்கர் ரசமட்டத்தை மேசைமேல் வைத்துச் சாய்வு பார்த்து, மேசைக் காலுக்கு அடியில் அட்டை சொருகிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தேன், வாசலில் நிற்கிறான். நரைத்திருக்கிறது. கையில் துணி சுற்றிய நீளமான ஒன்று. அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

“மேசையைப் பாக்கத்தான் வந்தேன்” என்றான், என்னிடம்.

“பாரு. காசா பணமா.”

சின்னவன் உள்ளே போனான். போய்விட்டான் என்றே நினைத்தேன். திரும்பி வந்தான், பிடித்துண்டோடு. அதை மேசைமேல் வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். இருவரும் தரையைப் பார்க்கிறார்கள்.

மேசைக்கு அடியிலிருந்து மார்க்கர் தலையை நீட்டினார். “அட, சாரோட கோல்! எனக்குத் தர்றேன்னு வாக்குக் கொடுத்தாரே, யாருகிட்ட போச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்.”



“உங்களுக்கா?” என்றான் பெரியவன்.

“ஆமா தம்பி. கேட்டா முதலாளி மகனுக்கும் சொல்லியிருக்கார். நீங்க ரெண்டு பேரும் இதுக்கா பேசாம இருந்தீங்க? நான் ஏதோ சொத்துத் தகராறுன்னு நினைச்சேன்!”

பெரியவன் மூக்கால் ஒரு சத்தம் போட்டான். அழுகையோ என்று பயந்தேன். சிரிப்பு.

“இன்னும் எத்தனை பேர்டா?” என்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை.

“வெளிய போய் லைன்ல நிக்கச் சொல்லவா?” என்றான் சின்னவன்.

மருமகள் சமையலறைக்கு ஓடிவிட்டாள். நான் சிரிக்கவில்லை. இதையே நான் சொன்னபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கினேன். இன்னொரு நாளைக்கு இருக்கிறது அது.

கோலைத் திருகிப் பூட்டியது சின்னவன். முதல் அடிக்குப் பெரியவன் ஜன்னல் பக்கம்தான் போய்க் குனிந்தான். காற்றில் கதவு அடித்துக்கொண்டது. யாரும் சொல்லவில்லை. சின்னவன் போய் அதைப் பிடித்துக்கொண்டான். கோல் தெருவுக்குப் போனது.

“யாருடா அது, கண்ணைக் குத்துறது!” என்று தெருவில் போன எதிர்வீட்டு டெய்லரம்மா கத்தினாள். இவளுக்கும் எனக்கும் பழைய பாக்கி ஒன்று உண்டு. இன்றைக்குத் தள்ளுபடி.

மாப்பிள்ளையின் அளவையும் மன்னித்தேன். மருந்தைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனதையும் மன்னித்தேன். என்னைப் புளுகி என்றதை, பாதி.

ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஒருத்தர் எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார், அதே குரலில்: உனக்கு முன்னால் போக மாட்டேன் என்று. ஊரே அவரை மன்னிக்கட்டும். நான் மன்னிக்க மாட்டாத ஒரே ஆள், இவன்களுடைய அப்பா.