மீனுக்குக் காற்று ஊட்டிய மணி

12-7-81, ஞாயிறு
காலையிலிருந்தே மேற்கிலிருந்து கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல். ஏரிக்குப் போகவில்லை. வலையில் பொத்தல் அடைக்கணும். அடைக்கவில்லை.

தலையாரிக்குப் புதுப் பல்செட். அவர் சிரித்து முடித்த பிறகும் அது சிரிக்கிறது.

மெட்ராஸ் சிப்பிக் கம்பெனி ஏஜெண்டு வந்திருக்கிறான். அந்தமானுக்கு ஆள் வேணுமாம். முதுகில் காற்று சிலிண்டர் கட்டி முங்குற வேலை. நான் முங்கி, இடது காதைக் கொடுத்துவிட்டு வந்த அதே வேலை. (நஷ்டமில்லை. பொண்டாட்டி வாயைத் திறந்தால் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.)

முதலில் பேர் கொடுத்தவன் என் மாப்பிள்ளை குமார். கல்யாணமாகி நாலு மாசம்.

13-7, திங்கள்
குமாரிடம் பேசினேன். வீட்டோடு மாப்பிள்ளை, சொந்த ஊர் சுண்ணாம்புக்குளம். எங்க ஏரியில் வலை போட முறை, அதாவது பாடு, எங்க ஊர்த் தலைக்கட்டுக்கு மட்டும்தான். அவனுக்குக் கிடையாது.

"உங்க பின்னாடியே மீன் கூடைய தூக்கினு எத்தினி நாள் மாமா சுத்தறது?"

நியாயம்.

"ஆபத்து மாப்ளே."

"கடலுக்குள்ள பவளப்பாறை செவுரு மாதிரி நிக்கும், செவுரெல்லாம் பூ, மீனு வந்து மூஞ்சியப் பாக்கும்னு நீங்கதான சொன்னீங்க? அதக் கேட்டுத்தான் மாமா ஆசையே."

சொன்னேன்தான். இத்தனை வருஷம் டீக்கடையில் வேறென்ன வேலை எனக்கு?

14-7, செவ்வாய்
டீக்கடை. "மணி கத எடு அண்ணாத்தே!"

மணி என்னோடு முங்கினவன். ஆழம் போகப் போக, சாராயம் போட்ட மாதிரி தலை கிறுகிறுக்கும். ஒரு நாள் மணிக்கு ஏறிவிட்டது. வாயிலிருந்த காற்றுக் குழாயைப் பிடுங்கி ஒரு களவா மீனுக்கு ஊட்டப் போனான். மூச்சு முட்டுதாம் அதுக்கு, பாவம். எப்பவும் இதோடு நிறுத்துவேன். சிரிப்பு. ஓசி டீ.

இன்று எதிரில் குமார். மீதியையும் சொன்னேன். மணி குழாயைத் திரும்ப வாயில் வைக்கவில்லை. நீட்டின கை நீட்டினபடி அந்தச் சுவரோரமாகவே இறங்கினான். அங்கே தரை கிடையாது. நீலம், அப்புறம் கறுப்பு. விரட்டிப் போனேன். காது வெடித்தது. விட்டுவிட்டேன். ஆள் கிடைக்கவேயில்லை.

டீ கிளாஸ்களைக் கீழே வைத்தார்கள். அப்புறம் தலையாரி, "அப்ப மீனு இன்னா சொல்லிச்சி?"

கடையே உருண்டது. "கடைசில அழுவாச்சி வெச்சான் பாரு! சினிமாக்காரன் தோத்தான்!"

குமார் தொடையைத் தட்டித் தட்டி, "மாமா, என்னை நிறுத்த இப்டி ஒரு பீலாவா!"

நானும் சிரித்து வைத்தேன்.

15-7, புதன்
குமாருக்கு வாங்கணும்: பாய், லுங்கி, மிளகாய்த் தூள் (கம்பெனிக் குழம்பு விளங்காது), தகரப் பெட்டிக்குப் பூட்டு.
வலை அப்படியே.
பொண்டாட்டி வலது பக்கமாக வந்து திட்டினாள். "போவாதனு ஒரு வார்த்த சொல்ல வாயில்ல, ஊருக்கெல்லாம் கத."

17-7, வெள்ளி
ஆரம்பாக்கம் ஸ்டேஷன். ரயில் லேட்டு. ஏறும்போது சொன்னேன், "மாப்ளே, அடியில காரணமில்லாம சிரிப்பு வந்தா ஒடனே மேல வந்துடு."

"சிரிப்பு வந்தாவா?" சிரித்துக்கொண்டே ஏறினான்.

சாயங்காலம் மகள் லட்சுமி தட்டைத் தொடவில்லை.

"நைனா, மணி கதைல அந்தக் கடைசி பாகம். நெஜமா?"

"போடி. சும்மா வுட்டேன்."

"தெரியும் உன்ன." தட்டை இழுத்துக்கொண்டாள். பசி போல. ரெண்டாம் தரம் குழம்பு கேட்டாள். ஊற்றினேன்.