பாப்பா மார்க்

1961 மார்ச் 7, செவ்வாய்

ஆறாம் வகுப்புக் கணக்குத் தாள்களைப் பாதிதான் திருத்தியிருந்தேன். இவர் விருதுநகரிலிருந்து சாயங்கால பஸ்ஸில் வந்தார். முகம்கூடக் கழுவவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு தீப்பெட்டிகளை எடுத்து என் தாள்களின் மேல் வைத்தார். ஒன்றில் சேவல், இன்னொன்றில் கப்பல்.

"கமிஷன் கடை லட்சுமிகாந்தம் குடுத்தாரு. மலபார்ல இப்ப இது ரெண்டும்தான் ஓடுதாம். நம்ம லோடு பாதியாப் போச்சு."

"யாரோட லேபிள்?"

"தெரியல. சேவலுக்கும் கப்பலுக்கும்தான் போட்டியாம். ஒருத்தன் விலைய இறக்குனா மத்தவன் அதுக்கும் கீழ இறக்குதான். நடுவுல நாம சாகுதோம்."

ஒரு சேவல் குச்சியை உரசிப் பார்த்தேன். நம் பாக்டரிக் குச்சி போலத்தான் எரிந்தது.

மார்ச் 12, ஞாயிறு

சர்ச்சில் ஐயர் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஜெயக்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிறாள். அவள் முகம்தான் எங்கள் லேபிள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஸ்டுடியோவில் எடுத்த படத்தைப் பார்த்து லித்தோ அச்சுக்காரர் வரைந்தது. அவளுக்கு இல்லாத சுருட்டை முடியையும் ரோஜாக் கன்னத்தையும் அவரே வைத்துவிட்டார். பாப்பா மார்க். எழுத்துத் தெரியாதவனும் அந்தப் படத்தைக் காட்டித்தான் கேட்பானாம்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'தீப்பெட்டி'. அவளுக்கு அந்த லேபிளைக் கண்டாலே ஆகாது.

மார்ச் 19, ஞாயிறு

நாரணாபுரத்தில் நம் பாக்டரி வாசலில் கார் நின்றதாம். அங்கிருந்து விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார் ஒருவர். கனகசபாபதி. சென்னைக்காரர், பம்பாய்க் கம்பெனி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போகிறவர். சலவை மடிப்புக் கலையாத சட்டை. காப்பி நன்றாக இருக்கிறது என்று இரண்டு தரம் சொன்னார்.

பாக்டரியை விலைக்குக் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தோம். இல்லை.

"கட்டடம் வேண்டாம் சார். இடம் வேண்டாம், ஆட்கள் வேண்டாம். பாப்பாங்கிற பேரும் அந்தப் படமும் போதும்."

இவர் சிரித்துவிட்டார். "பேரை வாங்கி என்ன செய்வீக?"

"விப்போம்."

அவர் சிரிக்கவில்லை. ஈஸ்டர் முடிந்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 20

குழம்பில் உப்பில்லை என்றுகூட யாரும் சொல்லவில்லை.

மார்ச் 23, வியாழன்

ஆமத்தூரிலிருந்து சங்கையா வந்தார். பாக்டரியில் சரிபாதி அவருடையது. நிலமும் அவர் கொடுத்ததுதான். இரண்டு வருஷமாக மழை இல்லை, பருத்தி கருகிவிட்டது. விற்றுவிடலாம் என்கிறார்.

"படந்தானே டீச்சரம்மா? அதக் குடுத்துட்டு வேற ஒரு படத்த ஒட்டிக்குவோம். மயில் இருக்கு, மான் இருக்கு. படத்துக்கா பஞ்சம்?"

இவர் எழுந்து நின்றுவிட்டார். "ஏலே சங்கையா, மலபார்க்காரன் உன் குச்சியையா கேக்கான்? பாப்பா குடுன்னுதானே கேக்கான்! ஒவ்வொரு கடையா ஏறி எறங்கி நான் பளக்கி வெச்ச பேருலே அது."

"நீங்க ஏறி எறங்குனீக. நான் இல்லைங்கல. இப்ப விக்கலியே அண்ணாச்சி?"

சங்கையா சாப்பிடாமலே போய்விட்டார். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

மார்ச் 28, செவ்வாய்



பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்க சிவகாசி லித்தோ அச்சாபீசுக்குப் போனேன். உள்ளே தாள்களைக் காயப் போட்டிருந்தார்கள். போர்வை அகலத்துக்கு ஒரு தாள். அதில் ஒரு வரிசை சேவல். அதற்குக் கீழே ஒரு வரிசை கப்பல். அதற்கும் கீழே தாமரை, குதிரை.

ஒரே தாள். ஒரே மை.

"இது யாரு ஆர்டர்?" என்றேன். "எல்லாம் ஒரே பார்ட்டிதாம்மா. பம்பாய்" என்றார் அச்சாபீஸ்காரர், மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல.

சேவலுக்கும் கப்பலுக்கும் சண்டையே இல்லை! இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். எங்களை நடுவில் வைத்து நெரிக்கத்தான் இந்த நாடகமா? குதிரை, சாத்தூர் முனியசாமி லேபிள் ஆயிற்றே. அவரும் விற்றுவிட்டாரா? எப்போது? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

இவரிடம் சொன்னேன். "அப்ப நான் இம்புட்டு நாளா யார்கூட மோதிக்கிட்டு இருந்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 4, செவ்வாய்

கனகசபாபதி வந்தார். காப்பி கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். "சேவலும் கப்பலும் உங்களுதுதானே?"

"ஆமாம்மா" என்றார். கண் இமைக்கவில்லை. "இதில ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு கடையில அஞ்சு தீப்பெட்டி இருக்கு. ஒருத்தருக்கு சேவல் பிடிக்கலைன்னா கப்பலை எடுப்பார், கப்பல் அலுத்துப்போனா தாமரை. கோவிச்சுக்கிட்டுப் போனாலும் அவர் எங்க வீட்டுக்குள்ளேயேதான் சுத்தணும். உங்க பாப்பா ஒண்ணுதான் வெளியில நிக்குது."

பிறகு எழுந்து, அனுமதி கேட்டுக்கொண்டு, எங்கள் அலமாரியைப் பார்த்தார். குளிக்கிற சோப்பு, பல்பொடி, ஜெயக்கொடியின் தலைத் தைலம். ஒவ்வொன்றாகத் தொட்டார். "இது எங்களுது. இதுவும். இதுவும்." மூன்றிலும் மூன்று பெயர். நான் பார்த்துப் பார்த்து, வேறு வேறு என்று நினைத்து வாங்கியவை.

"கட்டடம் இடியும், மெஷின் தேயும். பேரு மட்டும்தான்மா வருஷம் ஆக ஆக விலை ஏறும். அதனாலதான் எங்க முதலாளிங்க பேரா வாங்கிச் சேர்க்கிறாங்க."

"தீப்பெட்டிக்கு மட்டும் எங்க பிள்ளை படத்தப் போடுவோம்னு எழுதித் தருவீகளா?" என்று கேட்டேன்.

"வாங்கினா முழுசா வாங்குறதுதான் வழக்கம்."

கதவோரம் நின்ற ஜெயக்கொடி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மொகம் என்னுது. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா யாராவது?"

கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

ஏப்ரல் 6

இவரோடு விருதுநகர் போனேன். லட்சுமிகாந்தம் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"டீச்சரம்மா, நீங்க கோவிச்சுக்கிடக் கூடாது. அவுக லேபிள் அத்தனையும் எடு, இல்லேன்னா ஒண்ணும் கிடையாதுங்காக. சோப்பும் கிடையாதாம். பாப்பாவ வெச்சிருந்தா அம்புட்டும் போயிரும். நானும் பிள்ளகுட்டிக்காரன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். ஆமத்தூர் தாண்டும்போது "குடுத்துருவோம்" என்றார். நான் "வேண்டாம்" என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 14

கையெழுத்தாகிவிட்டது. இனி அவர்கள் தருகிற ஆர்டரை நாம் செய்து கொடுக்க வேண்டும். ஆட்களுக்கு வேலை போகாது. அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நின்றோம். ஜெயக்கொடி, "விடுங்கம்மா, அது நான் இல்ல. அந்தப் பிள்ளைக்குச் சுருட்டை முடி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஜூன் 14, புதன்

ஜெயக்கொடியை மதுரையில் நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டு வந்தோம்.

மறுபடியும் கூட்டமாக இருக்கிறது பாக்டரி. பெட்டி ஒட்டுகிற பெண்களுக்குத் தலைவியான பஞ்சம்மாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரே தட்டில் குச்சி. ஒரே வாளியில் பசை. ஒருத்தி சேவல் ஒட்டுகிறாள், பக்கத்தில் இருப்பவள் கப்பல், அடுத்தவள் பாப்பா.

"மத்தியானத்துக்கு மேல எனக்கே கொழம்பிருது டீச்சரம்மா. கப்பல் கட்டுல சேவல் ஏறிருது!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பாப்பாவுக்குக் கடையில் விலை கூடவாம்.

நவம்பர் 20, திங்கள்

கனகசபாபதி வரவில்லை, வேறு ஒரு ஆள் வந்தார், சின்ன வயது. பாப்பா பெட்டியில் இனிமேல் குச்சியைக் குறைக்க வேண்டும், மருந்தை மெலிதாக முக்க வேண்டும் என்றார். பெயர் நன்றாகப் பரவியிருக்கிறது, கொஞ்ச நாளைக்குத் தாங்கும் என்கிறார். அதற்குள் அதன் லாபத்தில் இன்னும் இரண்டு பெயர் வாங்கிவிடுவார்களாம்.

இவர், "தீ பிடிக்காத குச்சிய எம் பிள்ள மொகத்தப் போட்டு விக்க மாட்டேன்" என்றார்.

"உங்க பிள்ளை முகம் இப்ப உங்களுது இல்ல சார்."

இவர் கை ஓங்கிவிட்டார். சங்கையாதான் குறுக்கே விழுந்து பிடித்தார். கர்த்தரே, என்ன ஆகப்போகிறதோ.

டிசம்பர் 26

ஜெயக்கொடி லீவுக்கு வந்திருக்கிறாள். பெட்டியிலிருந்து ஒரு சோப்பை எடுத்து மேஜையில் வைத்தாள். பாப்பா சோப். அதே முகம், அதே சுருட்டை. நெற்றியில் பொட்டு, கழுத்தில் சங்கிலி.

"வார்டுல குழந்தைகளக் குளிப்பாட்ட இதத்தான் தாராங்கம்மா. பொட்டு வெச்சு விட்டிருக்காங்க, பாத்தீகளா? அழகாத்தான் இருக்கு."

சிரித்தாள். பிறகு துணி எடுக்கப் போகிறேன் என்று கொல்லைப்புறம் போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

1962 ஜனவரி 11

ஆர்டர் நின்றுவிட்டது. பாப்பாவைக் கோவில்பட்டிப் பக்கம் வேறொருவர் செய்கிறாராம், அவர்கள் சொன்னபடியே.

பிப்ரவரி 9, வெள்ளி

சங்கையா பூட்டுச் சாவியோடு வந்தார். பூட்டிவிடலாம் என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மான் படம் போட்டு ஒரு லோடு செய்து பார்த்தோம். ஒரு கமிஷன் கடைக்காரரும் கையால் தொடவில்லை.

பெண்கள் பாக்டரி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். போகச் சொல்லியும் போகவில்லை. பஞ்சம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"கமிஷன் கடைக்காரன் எடுக்காட்டிப் போறான். எங்க ஊருல எங்க சின்னையா கடை இருக்கு. நான் குடுத்தா வாங்க மாட்டாரா? இவ ஊருல இவ மச்சான் கடை. நாங்கதான் தெனமும் ஊருக்குப் போறோம்ல? ஆளுக்கு ஒரு கட்டு மடியில வெச்சுக் கொண்டுபோறோம்."

"சொந்தக்காரங்க ஒரு தடவ வாங்குவாக தாயி, தயவுக்கு. ரெண்டாந் தடவ?" என்றார் சங்கையா.

"ரெண்டாந் தடவைக்குக் குச்சி எரியணும்" என்றார் இவர்.

சங்கையா சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். "சித்திரை வரைக்கும் பாப்போம் அண்ணாச்சி. அதுக்கு மேல என்னால தாங்காது."

பிப்ரவரி 24, சனி

லேபிளுக்கு என்ன படம்? இவர் என்னைப் பார்த்தார். ஆள் முகம் எதுவும் வேண்டாம் என்றேன். சாமியும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம். சிவப்பு மை ஒன்றிலேயே அச்சடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். கடைசியில் ஏணி. இரண்டு கோடும் நடுவில் படிகளும். என் கரும்பலகையில் நானே வரைந்து காட்டிவிட்டேன். இந்தத் தடவை பெயரைப் பதியச் சொல்லி சென்னை டிரேட் மார்க் ஆபீசுக்கு முதலிலேயே எழுதிப் போட்டாயிற்று.

மார்ச் 17

ஒன்றும் தெரியவில்லை. சில ஊர்களில் கட்டு அப்படியே இருக்கிறது. பெண்கள் பாதிக் கூலிக்கு வருகிறார்கள். இவர் ராத்திரி பகலாக மருந்து வாளியோடே கிடக்கிறார். தெரியாமல் செய்கிறோமா? என்னத்துக்கு இந்த வீம்பு?

ஏப்ரல் 29

சித்திரை பாதி போய்விட்டது. சங்கையா சாவியைக் கேட்கவில்லை. நாங்களும் பேச்சை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 25, சனி

சங்கையா மகள் பிள்ளைக்குக் காதுகுத்து. ஆமத்தூர் போயிருந்தோம். வெற்றிலை தீர்ந்துவிட்டது என்றார்கள். காற்றாட நடக்கலாமே என்று நானே கடைக்குப் போனேன். என்னை அங்கே யாருக்கும் தெரியாது. கடைக்காரர் வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்த பலகையில் சேவல், கப்பல், தாமரை, பாப்பா.

வண்டிக்காரர் ஒருவர் வந்தார். மாட்டை அவிழ்க்காமல் வண்டியிலிருந்தபடியே, "ஏணி குடு" என்றார்.

"தீந்துபோச்சு. திங்கக்கிழமதான் அந்தப் பொம்பள கொண்டாரும். பாப்பா தரட்டா? சேவல் இருக்கு."

"வேணாம். திங்கக்கிழம வாரேன்."

வாயில் பற்றவைக்காத பீடியோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

சந்தோஷம்தான், இல்லையென்று எப்படிச் சொல்வேன்? ஆனால் பலகையில் அந்தச் சின்ன முகம் அப்படியே இருந்தது, சுருட்டை முடியோடு, மேலெல்லாம் தூசி படிந்து.

"வேற என்னம்மா வேணும்?" என்றார் கடைக்காரர்.

பாப்பா ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். இவரிடம் சொல்லவில்லை.