செனான் நின்ற இடம்

ஆகஸ்ட் 5, 2025
பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுக்கு, அந்த வாய்வாவுக்கு, இன்னும் இருபது நாள். வைரத்துக்குள் சிக்கிய மந்த வாயுக்கள் பற்றிய என் பழைய கணக்குகளைக் கணினியில் மறுபடி ஓட்டுகிறேன். ஹீலியம் சிறியது, கார்பன்களுக்கு இடையே நழுவிவிடுகிறது. செனான் பெரியது. அடுத்தடுத்து இரண்டு கார்பன்கள் இல்லாத பள்ளம் அதற்கு வேண்டும்.

ஆகஸ்ட் 6
கணினிக்குக் கொடுத்த கோப்பில், செனான் வரிக்குப் பின்னால் மூன்று சுழியம். அணுவை அசையவிடாமல் நிறுத்தும் கட்டளை. மூன்று வருஷம் முன்பு சோதனைக்காக நான்தான் போட்டேன், எடுக்க மறந்திருக்கிறேன். இன்று எடுத்துவிட்டு ஓட்டினேன். செனான் நகர்ந்து, இரண்டு காலியிடங்களுக்கும் நடுவில் போய் நின்றது. அது உமிழும் ஒளியும் மாறிவிட்டது. நான் கட்டுரையில் அச்சிட்ட அலைநீளம் தப்பு. யா அல்லாஹ்.

ஆகஸ்ட் 7
பெவினைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்து ஆய்வகத்தில் எனக்கு ஜூனியர். என் கட்டுரையை நம்பி, வைரத்தில் செனானைச் செலுத்தி, நான் சொன்ன ஒளியை இரண்டு வருஷம் தேடியவன். அந்த ஒளி தெரியவே இல்லை. "என் கையிலதான் தப்புக்கா" என்று ஆராய்ச்சியை விட்டுவிட்டு, இப்போது துறைமுகத்தில் கண்டெய்னர் நம்பர் சரிபார்க்கிறான். படிப்பைப் பாதியில் விட்டதால் அவன் அப்பா அவனோடு பேசுவதே இல்லை.
நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்?

ஆகஸ்ட் 11
வழிகாட்டி ஜேசுபாதம் சாரிடம் சொன்னேன். "வாய்வா முடியட்டும்மா ஷஃபீகா. பெறவு திருத்தம் போட்டுக்கலாம். இப்ப யாரு பாக்கா?"
நான் பார்த்துவிட்டேனே.

ஆகஸ்ட் 12
கட்டுரை வந்த இதழுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மெயில் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன்.

ஆகஸ்ட் 14
அனுப்பிவிட்டேன், தவறு என்னுடையது மட்டும் என்று. வாய்வா நின்றுபோனது. "இனி ஒரு வருஷமாவது ஆகும்" என்றார் சார், என் முகத்தைப் பார்க்காமல்.
அங்கிருந்து நேரே துறைமுக வாசல். பெவினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றி, நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.
"அப்ப என் சாம்பிள் சரியாத்தான் இருந்துச்சா?"
"சரியாத்தான் இருந்துச்சு."
ஆராய்ச்சிக்குத் திரும்பப் போவாயா என்று கேட்டேன். "என் எடத்துக்கு வேற ஆள் வந்தாச்சுக்கா." ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இத எங்கப்பாட்ட வந்து சொல்லுவியளா?"

ஆகஸ்ட் 17, ஞாயிறு
நாசரேத், பெவினின் ஊர். பெவினின் அப்பா எபனேசர் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். ஒரு தாளில் அணுக்களை வரைந்து காட்டினேன்.
"அப்ப எம்மவன் தேடுனது?"
"இல்லாத வெளிச்சத்த, சார். நான் சொன்னதால."
அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிறகு எழுந்து, உள்ளே வராமல் பெவின் பைக்கோடு நின்ற கேட் பக்கம் போனார்.
"ஏலே, வெயில்ல ஏன் நிக்க? சாப்பிட வா."