பெடலில் சிக்கிய சாமந்திச் சரம்

அக்கா,

நேற்று காலை நம் வீட்டு வாசலில் காரைச் சுற்றி இருந்தவர்கள்: நான், நாற்காலியில் இவர், எதிர்வீட்டுச் செல்வி, செல்வியின் வீட்டுக்காரர் முருகையன். ஆக நான்கு பேர். உங்களையும் சேர்த்தே எண்ணிப் பழகிய வாய், ஐந்து என்று சொல்லப் பார்த்தது.

என் கையில் இன்னும் அந்த வாடை போகவில்லை. தையல் மெஷின் எண்ணெயும் அழுகிய சாமந்தியும் கலந்த வாடை. சோப்புப் போட்டுக் கழுவினேன், சீயக்காய் வைத்துத் தேய்த்தேன். விளக்கேற்றப் போனால் அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. வேறு யாரிடம் சொல்வதென்று தெரியாமல் அந்தக் கையோடே உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் பெரிய வெள்ளைக் கார் நகராமல் நின்றுவிட்டது அக்கா. நீங்கள் கண்ணை மூடிய பிறகு பிரான்சிலிருந்து உங்கள் மகன் போனில், "வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும் ஆன்ட்டி, அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாங்க" என்று என்னிடமே விட்ட கார். ஊரில் இருக்கிற காருக்கெல்லாம் கையால் இழுக்கிற பார்க்கிங் பிரேக் என்றால், இதற்கு மட்டும் காலால் மிதிக்கிற பிரேக். இடது ஓரத்தில் சின்னப் பெடல். மிதித்தால் கரகரவென்று கீழே போய் நிற்கும். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பிடியை இழுத்தால் டொக்கென்று மேலே வரும். முதன்முதலாக வண்டி பார்க்க வந்த மெக்கானிக், இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை விட்டுத் துழாவி, "மதாம், இதுல ஹேண்ட் பிரேக்கே இல்ல, எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்" என்றாரே. "கழட்டுறதுக்கு அங்க இருந்தாத்தானேப்பா" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

நேற்று யாரும் சிரிக்கவில்லை. நேற்று இவருக்கு டயாலிசிஸ் முறை. அதற்கு முந்தைய முறைக்கு இவர் வரவே இல்லை. விஜயதசமியும் அதுவுமா ஆஸ்பத்திரிக்கா என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கெஞ்சியும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். அப்புறம் பிடிவாதமான மழை. நேற்று விடிந்தபோது முகம் ஊதியிருந்தது, கால் இரண்டும் தூண் மாதிரி இருந்தன. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தும் மூச்சு இழுத்தது. இன்னொரு முறை தவறினால் என்ன ஆகும் என்று நர்ஸ் அம்மா எனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். அதை இங்கே எழுதக் கை வரவில்லை.

பார்த்து வைத்தது போல நேற்று பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. போன் செய்த இடத்திலெல்லாம் "சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதாம்மா" என்றார்கள். காரை எடுக்கலாம் என்று போய்ப் பிடியை இழுத்தேன். பிடி தொளதொளவென்று வந்தது, பெடல் எழவில்லை. முருகையன் வந்து இழுத்த இழுப்பில் பிடியே கையோடு வந்துவிடும் போலிருந்தது.

இவர் நாற்காலியில் இருந்தபடி சொன்னார்: "ஆட்டோ ஓடாது. வண்டி நகராது. இதுக்கு மேல நான் என்னா பண்ணட்டும்? இன்னைக்கு உட்டுடு தனம்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது அக்கா. மூச்சு முட்டுகிற மனிதரின் முகத்தில் நிம்மதி.

ஆயுளெல்லாம் பஸ் டெப்போவில் பிரேக் வேலை பார்த்தவர். கண் மங்கினாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். எங்கே இறுகியிருக்கிறது, எதைத் தட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துவைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒரு வார்த்த சொன்னீங்கன்னா முடிஞ்சிடும்" என்றார் முருகையன்.

"நான் ரிட்டயர்டு" என்றார்.

"பென்ஷன் வாங்குறீங்க இல்ல? அதுக்காவது சொல்லுங்க" என்றாள் செல்வி.

நான் கீழே படுத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலை ஸ்டியரிங்குக்கு அடியிலும் கால் வாசல் சிமெண்டிலுமாக. செல்வி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். பெடலின் தண்டுக்குப் பின்னால் பல் பல்லாக ஓர் இரும்பு. அந்தப் பல்லுக்குள் நசுங்கிக் கறுத்துப்போய்க் கிடந்தது என்ன தெரியுமா? சாமந்திச் சரம். நான் கட்டிய சரம்.

நீங்கள் இருந்திருந்தால் நடந்திருக்காது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு நான் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தபோது, கண்ணாடியில் உங்கள் ஜெபமாலை தொங்கிக்கொண்டிருக்க, "வையி வையி, உங்க சாமிக்கும் என் வண்டி நம்பர் தெரிஞ்சிருக்கட்டும்" என்றீர்கள். நான் பூவோடு குனிந்ததை மட்டும் தடுத்தீர்கள்: "கால் வெக்கிற எடத்துல பூ எதுக்கு? மேல போடு." இந்த வருஷம் தடுக்க ஆள் இல்லை. பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கி வந்தேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சக்கரம் முதல் கழுவினேன். அந்தச் சின்னப் பெடலைத் துடைத்தபோது ரப்பரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. உங்கள் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த ஓரம். அங்கே ஒரு சரத்தைச் சுற்றினேன். சுற்றிவிட்டு, வண்டி வாசல் சரிவில் இறங்கிவிடக் கூடாதே என்று அழுத்தி மிதித்தேன். என் பக்தி போய்ப் பல்லில் மாட்டிக்கொண்டது.

கொண்டை ஊசியால் நாரைக் கிளறிக் கிளறி எடுத்தேன். ஒவ்வொரு இழையாக வந்தது. அம்மா தாயே, உனக்குச் சாத்திய பூவை ஊசியால் குத்தி எடுக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன். பிறகு தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலுக்குப் பின்னால் விரலைக் கொடுத்து மேலே தூக்கினேன். செல்வி பிடியை இழுத்தாள். டொக். வந்துவிட்டது. நான் படுத்தபடியே அழுதேன்.

அதுவும் வீண் அழுகை. வண்டியைக் கிளப்பி ரிவர்ஸில் போட்டால் உறுமுகிறது, பின்பக்கம் அமுங்குகிறது, சக்கரம் மட்டும் உருளவில்லை. இறங்கி வந்து வண்டியின் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாக அக்கா, ஒரு நிமிஷம் அந்தக் காரை வெறுத்தேன். முருகையனிடமிருந்து சுத்தியலை வாங்கிப் பின்சக்கரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தேன். எங்கே அடிக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

"ஏய்! ரிம்ம ஒடச்சிடாதடி!"

இவர் குரல்தான். எத்தனையோ நாள் கழித்து இவரிடமிருந்து அப்படி ஒரு குரல்.

"ஒடையட்டும். உங்களுக்கு என்னா வந்துது? நீங்கதான் ரிட்டயர்டு ஆச்சே" என்று இன்னும் ஓர் அடி போட்டேன்.

அவரால் பொறுக்க முடியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டடி வந்து நின்று மூச்சு வாங்கினார். "தண்ணிய ஊத்திக் கழுவி, ஈரத்தோட பிரேக்கப் போட்டு, நாள் கணக்குல நிக்க வெச்சிருக்க. உள்ள பிரேக் ஷூ துரு புடிச்சி சக்கரத்து டிரம்மோட ஒட்டிக்கிச்சி. நீ ரிம்ம அடிச்சா அது எப்படி வுடும்?"

"அப்ப எங்க அடிக்கிறது?"

"மொதல்ல முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு வையி. பிரேக்க எடுத்துட்ட, சரிவு இது. கியர பார்க்குல போடு. எஞ்சின நிறுத்து."

வைத்தோம், போட்டோம், நிறுத்தினோம். சக்கரத்துக்கு உள்பக்கம் டிரம்மின் ஓரம் தெரியும், அதன்மேல் மரக்கட்டையை வைத்துத் தட்டச் சொன்னார். "அதுக்குப் பின்னால இருக்கிற மெல்லிசு தட்டுல அடிச்சிடாத, கோணிக்கும். ஓங்கி அடிக்காத. சுத்திச் சுத்தித் தட்டு. கதவ தட்டுற மாதிரி." நான் தட்டினேன். அவர் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். "இன்னும் இல்ல... இன்னும் இல்ல... அந்தப் பக்கம் ரெண்டு..." பிறகு, "போதும். கல்ல எடு, ஏறு. கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்ன. மெதுவா."

மூன்றாம் தடவை பின்னால் எடுத்தபோது டமார் என்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சக்கரம் உருண்டிருந்தது. முருகையன் விசில் அடித்தார். கண்ணாடி வழியாக இவரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார் அக்கா. டெப்போவிலிருந்து கை கறுத்து வீட்டுக்கு வருவாரே, அந்தச் சிரிப்பு. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கதவைத் திறந்து, "வாங்க" என்றேன்.

"வண்டி ரெடி ஆயிடிச்சி இல்ல? கோயிலுக்கு ஓட்டிட்டுப் போ. நான் வரல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படியில் கால் வைத்தார். வைத்த கால் நிற்கவில்லை. அப்படியே மடிந்து உட்கார்ந்தார். உதடு நீலமாகியிருந்தது.

தூக்கினோம். மூன்று பேரும் சேர்ந்து மூட்டை மாதிரி தூக்கிப் பின்சீட்டில் போட்டோம். செல்வி அட்டையில் சிவப்பு எழுத்தில் "டயாலிசிஸ், வழி விடுங்கள்" என்று எழுதி முன்கண்ணாடியில் செருகினாள். விழுப்புரம் ரோடு முழுக்கக் காலி. "நான் என்ன சாகாவரமா வாங்கி வந்திருக்கேன், புடிம்மா ஸ்டியரிங்க" என்று கனகசெட்டிக்குளம் வரைக்கும் என்னை ஓட்ட வைத்தீர்களே, அந்தப் பழக்கம்தான் காப்பாற்றியது. ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்தார்கள். மெஷினில் போட்டுத் தண்ணீர் இறக்கினார்கள். எப்போதையும் விட அதிக நேரம் பிடித்தது. மூச்சு சீராயிற்று.

இன்று காலை கஞ்சி குடித்துவிட்டு, ரொம்ப நிதானமாகச் சொன்னார்: "நேத்து எனக்கு மூச்சு இல்ல, அதான் தூக்கிட்டுப் போயிட்டீங்க. அடுத்த தடவ தூக்காத தனம். உன்ன கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் குடிக்கிற தண்ணீரை டம்ளர் டம்ளராக அளந்து எழுதுகிறேன், எடையை எழுதுகிறேன், உப்பை எழுதுகிறேன். "நீ பாங்க்குல இருந்திருக்க வேண்டியவ" என்று நீங்கள் கேலி செய்வீர்கள். எட்டாவதோடு நின்றவள் மாத்திரை அட்டையைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எல்லாம் செய்கிறேன். அவரை வண்டியில் ஏற்றுவதற்கு மட்டும் என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்களிடம் இருந்தது. முதல் தடவை அவர் இப்படி "போதும்" என்று கேட்டிலேயே நின்றுவிட்ட அன்று, சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நீங்கள் மாடியிலிருந்து சாவியோடு இறங்கி வந்தீர்கள். அவரை ஒரு பார்வை பார்த்தீர்கள். "தனம், உள்ள போயி அவருக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டு வா, அங்க ஏசி ஜாஸ்தி" என்றீர்கள். நான் பீரோவில் தேடி எடுத்து வருவதற்குள் அவர் முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. நீங்கள் "அலே, போலாம்" என்று வண்டியை எடுத்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் இருந்தவரைக்கும் ஒரு முறைகூட அவர் முரண்டு பிடிக்கவில்லை.

அன்று இரவே அவரிடம் கேட்டேன். "அது எனக்கும் மதாமுக்கும்" என்றார். உங்களிடம் கேட்டேன். "மந்திரமா போட்டேன்? ஏறுன்னேன், ஏறிட்டாரு" என்று வெங்காயத்தை உரித்துக்கொண்டே போனீர்கள். இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். நீங்கள் தூக்கத்திலேயே போய்விடுவீர்கள் என்று யார் கண்டது? இன்று மறுபடி அவர் காலைப் பிடித்துக் கேட்டேன். "அத நீ சொன்னா சரியா வராது" என்கிறார்.

சரியாக வராவிட்டால் பரவாயில்லை. நான் சொல்லிப் பார்க்கிறேன்.

அம்மனிடம் பூ கட்டிப் போட்டுப் பார் என்கிறாள் செல்வி. பூ கட்டினால் ஆம், இல்லை என்று மட்டும்தான் வரும். எனக்கு ஆமும் இல்லையும் வேண்டாம், அந்த வார்த்தை வேண்டும். என் சாமியிடமும் கேட்டுவிட்டேன், மாதா கோயிலில் உங்கள் பேரைச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றியும் கேட்டுவிட்டேன்.

நாளைக் காலை மறுபடி அவருக்கு முறை. வண்டி சரியாக இருக்கிறது, பிரேக்கை மிதிக்காமல் சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறேன். என்னை ஸ்வெட்டர் எடுக்க அனுப்பிவிட்டு அவரிடம் என்ன சொன்னீர்கள்? கனவிலாவது வந்து சொல்லுங்கள். விடிவதற்குள் பதில் வேண்டும் அக்கா.

தனம்