இரண்டாம் சரணம் இருக்கட்டும்

மெம்ஃபிஸ்,
ஞாயிறு மாலை

என் செல்ல மகள் லட்ரீஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே முனக ஆரம்பித்துவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் நீயும் சுகமாக இருக்க ஆண்டவர் துணை செய்யட்டும். செவ்வாய்க்கிழமை நான் போனைப் பட்டென்று வைத்ததில் உனக்குக் கோபம் இருக்கும். பேசினால் மறுபடி சண்டைதான் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ராப் பாட்டின் முதல் சரணத்துக்கு நான் சமையலறையில் ஆடினேன், அப்பாவே சாட்சி. "என் கறுப்புக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன், என் முடி நிக்கிற இடத்துல நிக்கும்" என்று நீ பாடும்போது எனக்கே தோள் நிமிர்ந்தது. அப்புறம் இரண்டாம் சரணம் வந்தது. உன் ஒன்பதாம் வயதில் பள்ளிக்கூடத்துப் போட்டோவுக்காக முடியை நேராக்கும் க்ரீமை நான் தடவியது, எரியுதும்மா என்று நீ அழ அழ இன்னும் ஐந்தே நிமிஷம் என்று பிடித்து உட்கார வைத்தது, தலை புண்ணானது, எல்லாவற்றையும் ஊரறியப் பாடியிருக்கிறாய். வருகிற வெள்ளிக்கிழமை பாட்டு வெளிவருவதற்குள் அதை வெட்டு, இல்லாவிட்டால் எனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு தப்பு.

நேற்று ஓடெட்டா அக்காவின் பார்லருக்குப் போய், எனக்குப் பரிந்து பேசுவாள் என்று பாட்டைப் போட்டுக் காட்டினேன். அவள் டிரையரை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள். "இந்தக் கையால அந்த க்ரீமத் தடவி எத்தன பிள்ளைங்க தலைய எரிச்சிருப்பேன் தெரியுமா வெர்னீட்டா? ஒருத்திகூட எங்கிட்ட வந்து வலிச்சுதுன்னு சொன்னதில்ல. உன் மக உங்கிட்ட சொல்றா, நீ குடுத்து வச்சவடி" என்றாள். நான் தலை அலசிக்கொள்ளாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதனால் சரணம் இருக்கட்டும். ஒன்று மட்டும், "அம்மாவுக்கு என்னைப் பார்த்து வெட்கம்" என்று பாடியிருக்கிறாய். வெட்கம் இல்லை, பயம். சுருட்டை முடியை நேராக்காமல் அப்படியே விட்டுக்கொண்டு வந்த பிள்ளையை அந்தப் பள்ளியில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். எரியும் என்பதும் எனக்குத் தெரியும், என் தலையிலும் எரிந்ததுதான், தெரிந்தும் செய்தேன். பாட்டில் இதற்கு இடமில்லை என்றால் மாற்ற வேண்டாம், உனக்குத் தெரிந்தால் போதும்.

வேளைக்குச் சாப்பிடு, தூங்கும்போது முடி உடையாமலிருக்கத் தலையில் பட்டுத்துணி கட்ட மறக்காதே. அந்தப் போட்டோ இன்னும் கூடத்தில்தான் தொங்குகிறது. முடி எவ்வளவு அழகாகப் படிந்திருக்கிறது பாருங்கள் என்று இருபது வருஷமாக வருகிறவர்களிடம் எல்லாம் காட்டியிருக்கிறேன். இன்று காலை சர்ச்சுக்குக் கிளம்பும்போதுதான் அதில் உன் முகத்தைப் பார்த்தேன். என்னை மன்னித்துவிடு கண்ணு. ஆண்டவர் உன்னையும் உன் குரலையும் ஆசீர்வதிப்பாராக.

உன் அம்மா,
வெர்னீட்டா