புடவையோடு நீந்தி வந்தவர்

அன்புள்ள செலினாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எழுதப்போவது:
1. நான் நலம்.
2. நேற்று நடந்தது.
3. எனக்கு வேண்டியவை.
4. என் வழக்கமான எச்சரிக்கை: புடவையோடு குளத்தில் நீந்தாதே.

காரைக்கால்மேட்டில் மீன்வளக் கணக்கெடுப்புக்காக மீன்களை அளந்து குறித்துவிட்டுப் படகிலிருந்து இறங்கும்போது, கால் வழுக்கி முகத்துவாரத்தில் விழுந்துவிட்டேன். ஆழம் அதிகமில்லை என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியவில்லை. எனக்கு நீந்தத் தெரிந்தும் பயனில்லை, வேட்டி காலைச் சுற்றிக்கொண்டது.

படகுக்காரர் யேசுராஜ், "வேட்டிய உதறிட்டு நீந்துங்க சார்" என்றார். கரையில் மீன் ஏலத்துக்கு வந்த பெண்கள் நின்றதால் தயங்கினேன். அதற்குள் மீன் விற்கும் இருதயமேரி கட்டிய புடவையோடு குதித்து நீந்தி வந்தார்.

"உங்கள பாக்கவா சார் வந்தோம்? மீனு பாக்க வந்தோம். கைய குடுங்க."

அவர்தான் என்னைக் கரை சேர்த்தார். எத்தனை முறை நன்றி சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

போட்டிருந்த கண்ணாடி தண்ணீரோடு போய்விட்டது; என் பழைய கண்ணாடியும் பருப்புப்பொடியும் அனுப்பு. பொட்டலத்தின் மேல் முகவரியை உன் கையாலேயே எழுது.

நான்காவதை விரித்து எழுத வந்தேன், முடியவில்லை. நீச்சல் தெரிந்த உன்னை, நம் கல்யாணம் ஆனதிலிருந்து முப்பது வருடமாகக் குளத்துப் படியிலேயே நிறுத்தி வைத்தது என் தவறு.

தபால் எடுக்கும் நேரம்.

உன்,
ஸ்தனிஸ்லாஸ்