நானே போட்ட லீவு கணக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

ஒரு வேடிக்கை சொல்கிறேன், சிரியுங்கள். தொழிற்சாலையில் யாருக்கு லீவு கொடுப்பது என்று முடிவுசெய்யக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். "எதை வச்சும்மா முடிவு பண்ணப்போற?" என்று மேனேஜர் கேட்டார். ஊருக்குப் போய் ரொம்ப நாளானவர்களுக்கு முதலில் என்று சொல்லியிருக்கலாம். நான் பெரிய புத்திசாலி மாதிரி, "வேலை தடைபடக் கூடாது சார், அதுதான் அளவுகோல்" என்றேன்.

நேற்றுப் பட்டியல் வந்தது. நாற்பத்தொரு பேருக்குத்தான் லீவு. அதில் நான் இல்லை. அந்தப் புரோகிராமைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாதாம். மேனேஜரிடம் போய் நின்றேன். "நீ போட்ட கணக்குதானேம்மா" என்றார். இப்போது அளவுகோலை மாற்றினால் எனக்கு லீவு வரும், ஆனால் பட்டியலில் இருக்கும் ஒரு வெல்டரின் லீவு பறிபோகும். அவர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, பிறந்த குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. கணக்கை அப்படியே விட்டுவிட்டேன்.

அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் அன்று என் நீலப் போர்வையை எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரி ஏசி அம்மாவுக்கு ஆகாது. மயக்கம் தெளிந்ததும் முதலில் என்ன பேசினாள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

ஷிப்ட் மணி அடிக்கிறது. வழியனுப்பும்போது, "நீ இல்லாம அங்க ஒரு வேலையும் ஓடாதுன்னு பேர் எடுக்கணும்" என்றீர்களே, எடுத்துவிட்டேன் அப்பா.

உங்கள் மகள்